மணற்காட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் காடு என்று ஏதாவது இருக்கிறதா என்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் மணற்காட்டைத்தான் சொல்வேன். பேரிலேயே மணலும் இருக்கிறது, காடும் இருக்கிறது. வடமராட்சியின் கிழக்குக் கரையில், குடத்தனையில் கடல் பக்கமாகத் திரும்பினால் வருகிற மீனவக் கிராமம் அது. ஊரைச் சுற்றி வீட்டுக் கூரையை விட உயரமான மணல் மேடுகள், மேடுகளை ஒட்டிச் சவுக்கங்காடு, அதற்குப் பின்னால் பனையும் வடலி என்கிற இளம்பனையுமாகத் தொடங்கிப் போகப்போக மரம் குறைந்து விரிகிற தரவை என்கிற புல்வெளி.

கனபேர் வருகிறார்கள், மேட்டில் ஏறி நின்று நாலு படம் எடுக்கிறார்கள், கால் சுட்டவுடன் இறங்கிப் போய்விடுகிறார்கள். அது எனக்கு மனவருத்தம். இந்த மணலும் சவுக்கும் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா கிடக்கிற மூன்று இடங்கள் அல்ல, மூன்றும் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி மெதுவாக நடந்தால் அந்த வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாளைத் தெரிந்தெடுங்கள்

தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிப் பங்குனி வரைதான் நல்ல காலம். மாரி ஓய்ந்திருக்கும், தரவையில் இன்னும் ஈரமும் பச்சையும் இருக்கும், வலசை வந்த பறவைகள் திரும்பிப் போயிருக்காது, வெய்யிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலை ஒன்பது மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். ஆனி முதல் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். அந்தக் காற்றில் மேட்டு உச்சியில் நின்றால் மணல் ஊசி மாதிரிக் கணுக்காலில் குத்தும், கண்ணைத் திறக்க முடியாது. ஆனாலும் மேடுகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்போதுதான் போகவேண்டும், உச்சியிலிருந்து மணல் புகை மாதிரிக் கிளம்புவது அந்தக் காலத்தில்தான் தெரியும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. கடலும் கொந்தளிப்பாக இருக்கும், தரவை வெள்ளக்காடாகிவிடும், தாழமுக்கம் பற்றிய அறிவித்தல் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் மழைக்கு அடுத்த நாள் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஈர மணலில் சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி விட்டது போலத் தம்பளப்பூச்சிகள் ஊர்ந்து திரியும். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நேரம் என்று கேட்டால், சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது நீங்கள் மேட்டில் நிற்கவேண்டும். அதாவது விடிய ஆறு, ஆறரைக்கு. பின்னேரம் போகலாம்தான், ஆனால் இருட்டு விழுமுன் தார் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், நின்று பார்க்க விடாது.

போகிற வழி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். பஸ்ஸில் வருகிறவர்கள் பருத்தித்துறையில் இறங்கி மருதங்கேணிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்துக் குடத்தனையில் இறங்கலாம். விடியற்காலையில் அந்த இணைப்புச் சரிவராது என்பதால், முதல் நாள் இரவே வடமராட்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது அல்லது மோட்டார் சைக்கிளில் வருவது நல்லது. பருத்தித்துறையில் ஓட்டோ பேசினால், திரும்ப ஏற்ற வரவேண்டிய நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள், மணற்காட்டில் நின்றுகொண்டு ஓட்டோ தேடுவது லேசில்லை. குடத்தனையில் இடது கைப் பக்கம் கடலை நோக்கித் திரும்பவேண்டும். தார் ரோடு முடிகிற இடத்தில் வாகனத்தை நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சத் தூரம் உள்ளே விடலாம் போலத்தான் தெரியும், விடாதீர்கள். மேலே காய்ந்த மணல், சில்லு ஒரு சுற்றுச் சுழன்றால் அச்சுவரை புதைந்துவிடும். அப்படிப் புதைந்துவிட்டால் மேலும் முறுக்காமல் நிறுத்தி, ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, காய்ந்த தென்னோலையோ பனையோலையோ சில்லுக்கு அடியில் தள்ளிவிட்டு மெதுவாக எடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். இது கூட என்று நினைப்பீர்கள். மணலில் ஒரு கிலோமீற்றர் நடப்பது தார் ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீற்றர் நடப்பதற்குச் சமம், அதோடு கடற்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. தொப்பி, கை முழுக்க மூடும் சேர்ட், போனை மணலிலிருந்து காக்க ஒரு பொலித்தீன் பை. சாப்பிடப் பருத்தித்துறை வடை. கண்ணுக்கு அழகான கேக் எதுவும் அங்கே தாங்காது. தட்டையாக, மொறுமொறு என்று, நாள்கணக்கில் கெடாமல் இருக்கிற இந்த வடையை விட நடைபயணத்துக்கு ஏற்ற சாப்பாடு வேறு இல்லை என்பது என் முடிவு.

காலுக்கு என்ன போடுவது? முன்பெல்லாம் வெறுங்காலுடன் நடந்து பார்க்கச் சொல்வேன். ஒருமுறை என்னுடன் வந்த தங்கச்சியின் மகன் மேட்டில் ஓடி இறங்கும்போது மணலுக்குள் மறைந்து கிடந்த போத்தல் ஓடு குதிக்காலைக் கிழித்துவிட்டது. யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்டது. மூன்று தையல். அதன் பிறகு சப்பாத்து இல்லாமல் யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. சவுக்கங்காட்டுக்குள் பாம்பு காரணமாகவும் சப்பாத்து வேண்டும். இந்த மணல் நிலத்தில் சுருட்டை விரியன் உண்டு, சின்னதாக மணல் நிறத்தில் இருக்கும், சருகோடு சருகாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. குப்பையாகச் சருகு குவிந்திருக்கும் இடத்தில் கையை வைக்காதீர்கள், விழுந்து கிடக்கும் மரத்தில் பார்க்காமல் இருக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி மந்திகையில் இருக்கிறது.

ஊருக்குள் நுழையும்போது

தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "ஐயா, சவுக்கங்காட்டுப் பக்கம் ஒருக்கால் நடந்துபோட்டு வாறம்" என்றால் போதும். "எங்கையிருந்து வாறியள், எத்தினை பேர்?" என்று கேட்பார்கள், கேட்டால் எண்ணி வைத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம், திரும்பி வராவிட்டால் தேட ஆள் இருக்கிறது. 2004 மார்கழி 26இல் சுனாமி வந்து இடித்த கரை இது. வாடி என்கிற மீனவர் குடில்களையும் வலை காயப்போட்டிருக்கும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கரைவலை இழுக்கிற நேரமாக இருந்தால் ஓரமாக நின்று பாருங்கள், கயிற்றுக்குக் குறுக்கே போகாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறி இறுகிய கயிறு காலில் பட்டால் தோலை உரித்துவிடும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். இங்கிருந்து தெற்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கிற நாகர்கோவிலும் அதற்கு அப்பால் முகமாலை, கிளாலிப் பக்கமும் பல வருடங்கள் யுத்தத்தின் முன்னரங்காக இருந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை அந்தப் பக்கங்களில் நீண்ட காலம் நடந்திருக்கிறது. ஆகவே கரையோரமாகத் தெற்கே நடந்துகொண்டே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்களும் மாடுகளும் போய்வந்து பதிந்த பாதையில் மட்டும் நடவுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியாலேயே திரும்புங்கள். மணல் நகர்கிற இடம் என்பதால் நேற்று மூடிக் கிடந்தது இன்று வெளியே தெரியலாம், துருப்பிடித்த இரும்பு எதையும் காலால்கூடத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

மேடும் கோயிலும்

முதலில் பழைய அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். கூரை இல்லை, சுவர்களும் வளைவுகளும் நிற்கின்றன, பாதி மணலுக்குள். வாசல் என்று தெரிகிற வளைவுக்குக் கிட்டப் போனால்தான் தெரியும், நீங்கள் நிற்பது கோயிலின் தரையில் அல்ல, அதற்கு எவ்வளவோ மேலே என்று. மணல் இந்த ஊருக்குள் எப்படி நடந்து வந்திருக்கிறது என்பதற்கு இதை விட நல்ல அளவுகோல் கிடையாது. சுவரில் ஏறவோ பேர் கீறவோ வேண்டாம், ஆட்கள் இன்னும் வந்து மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடுகிற இடம். பக்கத்தில் சேமக்காலையைக் கண்டால் சிலுவைகளுக்கு நடுவால் நடக்காமல் சுற்றிப் போங்கள்.

பிறகு மேட்டில் ஏறுங்கள். எந்தப் பக்கத்தால் ஏறுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்று வந்து மோதுகிற பக்கம் சரிவு குறைவாகவும் மணல் இறுகியும் இருக்கும், அதால் ஏறலாம். காற்று போய் விழுகிற மறுபக்கம் செங்குத்து, மணல் தளர்ந்து கிடக்கும், ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். மணலில் அலை அலையாகக் கோடு இருக்கும் பாருங்கள், அதுவே காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடும்.

எங்கே காலை வைக்கக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். மேட்டின் மேல் இரண்டு செடிகள் படர்ந்திருக்கும். ஒன்று அடம்பன் கொடி. குனிந்து ஒரு கொடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், ஒரு கணுவை மணல் மூடினால் அடுத்த கணுவிலிருந்து ஓடும். இலை மாட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், ஊதாப்பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பள்ளிக்கூடத்தில் ஒற்றுமைக்கு உதாரணமாகப் படித்தோமே, அது சும்மா சொல்லுக்குச் சொன்னது இல்லை என்று இங்கே வந்துதான் எனக்கு விளங்கியது. திரண்ட கொடி ஒரு மேட்டையே பிடித்து வைத்திருக்கிறது. மற்றது இராவணன் மீசை. இலை நுனி ஊசி, காற்சட்டையைத் தாண்டிக் குத்தும். அதன் காய் முள்ளாலான பந்து மாதிரி, காற்றில் கழன்று மேட்டின் மேல் உருண்டு ஓடும், ஓடின தடம் தையல் போட்டது மாதிரி மணலில் கிடக்கும். இந்த இரண்டையும் மிதித்துப் பாதை போட்டால் அந்த இடத்தால் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். வெறும் மணல் இருக்கிற இடத்தால் மட்டும் ஏறி இறங்குங்கள்.

கடலில் குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இது யாழ்ப்பாணத்து மற்றக் கரைகளைப் போல முழங்காலளவு தண்ணீரில் கனதூரம் போகக்கூடிய கடல் அல்ல, திறந்த கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சவுக்கங்காட்டுக்குள்

எட்டு மணி தாண்டி மணல் சுடத் தொடங்கும்போது காட்டுக்குள் நுழையுங்கள். முதல் பத்து அடியிலேயே குளிர் தெரியும், சத்தமும் மாறும். சவுக்கு இயற்கையாக வளர்ந்த காடு இல்லை. மணல் ஊர்களையும் வயல்களையும் மூடாமல் இருக்க நட்டு வளர்த்தது. மரத்துக்கும் இது சொந்த ஊர் கிடையாது, தென்கிழக்காசிய, அவுஸ்திரேலியக் கரைகளிலிருந்து வந்தது. அடியில் வேறு செடி அதிகம் இருக்காது, சருகு பாய் விரித்தது போல மூடியிருக்கும். சிலர் இதைக் காடே இல்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றுமே நிற்காத உப்புக் காற்றில், உரமில்லாத மணலில் இந்த மரம் நிற்கிறது. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன.

கீழே கிடக்கிற ஒரு பச்சை ஊசியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடியுங்கள். அதை எல்லோரும் இலை என்று நினைக்கிறோம், அது மெல்லிய கொப்பு. விரலால் பிடித்து இழுத்தால் கணுவில் 'டக்' என்று கழரும், திரும்பப் பொருத்தினால் பொருந்தி நிற்கும். கழன்ற கணுவின் வாயைச் சுற்றி ஏழெட்டுப் பற்கள் மாதிரித் தெரிகிறதே, அவைதான் உண்மையான இலைகள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு நகர மாட்டார்கள். அதே இடத்தில் மரத்தடி மணலில் சின்னச் சின்னப் புனல் போலக் குழிகள் இருந்தால் முழந்தாளில் இருந்து பாருங்கள். குழியானை என்கிற பூச்சி செய்த பொறி. ஒரு எறும்பு விளிம்பில் தடுக்கினால், அடியிலிருந்து மணல் துளிகள் எகிறி அடித்து அதைக் கீழே விழுத்தும்.

இங்கே வழி தவறுவது லேசு. எல்லா மரமும் ஒரே மாதிரி, வரிசையும் ஒரே மாதிரி. கடல் சத்தத்தைக் கேட்டு நடக்கலாம் என்று நினைப்பீர்கள், அதை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் சவுக்கில் காற்று போகும்போது வருகிற இரைச்சலும் அலை இரைச்சலும் ஒன்றுதான். நான் ஒருமுறை கடலுக்குப் போகிறேன் என்று நினைத்து முக்கால் மணித்தியாலம் காட்டுக்குள்ளேயே சத்தத்தைத் துரத்திக்கொண்டு நடந்திருக்கிறேன். காலையில் என்றால் கணக்குச் சுலபம். சூரியனைப் பார்த்து நடந்தால் கடல், சூரியனை முதுகில் வைத்து நடந்தால் ரோட்டுப் பக்கம். அதோடு நுழைந்த இடத்தைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு மூட்டவே கூடாது. தேத்தண்ணீர் போடக்கூட வேண்டாம், சிகரட் துண்டும் வேண்டாம். இந்தச் சருகு எண்ணெய் ஊற்றியது போலப் பற்றும், காற்று இருந்தால் தண்ணீரோடு ஆட்கள் வந்து சேருமுன் அது அடுத்த வரிசைக்குப் போயிருக்கும்.

தரவையும் தண்ணீரும்

காட்டின் மேற்கு ஓரத்தால், மாடு போகிற பாதை ஒன்றைப் பிடித்து வெளியே வாருங்கள். கண் கூசும். குட்டைப் புல், இடையிடையே உடைமரம், ஈச்சம் பற்றை, தூரத்தில் ஒற்றைப் பனைகள். இந்த வெட்டவெளியைச் சிலர் வெறும் தரை என்று தாண்டிப் போய்விடுவார்கள். அரை மணித்தியாலம் ஒரு வடலி நிழலில் சத்தம் போடாமல் இருந்து பாருங்கள். ஆட்காட்டி முதலில் கத்தி எல்லோருக்கும் உங்களைக் காட்டிக் கொடுக்கும், பிறகு தானே அடங்கும். அடங்கினதும் பஞ்சுருட்டான்கள் பற்றை நுனியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துத் திரும்ப அதே நுனியில் வந்து குந்தும்.

எங்காவது மணலில் தோண்டிய ஒரு பூவலோ வீட்டுக் கிணறோ கண்டால், அங்கே நிற்கிறவரிடம் கேட்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். கடல் கூப்பிடு தூரத்தில், தண்ணீர் நல்ல தண்ணீர். நான் தொடக்கத்தில் சொன்ன வேலை இதுதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். மற்ற இடங்களில் ஓடிக் கடலில் சேருகிற அந்த மழை இங்கே மணலில் விழுந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது. கீழே கடலிலிருந்து ஊறிவந்த உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேடு உயர்ந்து நின்றால் அதற்குள் தண்ணீரும் உயர்ந்து நிற்கும். அடம்பனும் சவுக்கும் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, மேடு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் மேட்டை வெட்டி உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் ஏற்றினால் என்ன நடக்கும்? மேலே நல்ல தண்ணீர் ஓரடி குறைந்தால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு ஏறிவரும். ஒரு லோட் மணல் போகும்போது அதோடு ஒரு கிணறும் கொஞ்சம் போகிறது. வழியில் புதிதாக வெட்டின குழிகளைக் காண்பீர்கள், செங்குத்தான ஓரத்தில் சவுக்கு வேர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். மண் ஏற்றுகிறவர்களோடு நீங்கள் வாய் கொடுக்கப் போகாதீர்கள், அது உங்களுக்கு ஆபத்து. ஆனால் படத்தில் மேட்டை மட்டும் காட்டாமல் அந்தக் குழியையும் காட்டுங்கள், அதைத்தான் ஆட்கள் பார்க்கவேண்டும். இதே கரையில் இன்னும் தெற்கே, தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள். கடலைக் காய்ச்சாத குறையாக இயந்திரம் வைத்துச் செய்கிற வேலையை இந்த மணல் செலவில்லாமல் செய்கிறது.

பத்து மணிக்குப் பிறகு

வெய்யில் ஏறியதும் வல்லிபுரத்துக்குத் திரும்புங்கள், பருத்தித்துறைக்குப் போகிற வழியில்தான். ஆழ்வார் கோயிலும் மணலுக்கு நடுவில்தான் நிற்கிறது, புரட்டாதித் திருவிழாவில் சுவாமி கடல் தீர்த்தத்துக்குப் போகும்போது சனம் அந்த மணலால்தான் கூட நடக்கும். 1936இல் இந்தப் பகுதியில் பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்று கிடைத்தது, அதில் நாகதீவு என்று பேர் வருகிறது. அப்படியென்றால் ஆட்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடமாக இந்த மணலில்தான் இருந்திருக்கிறார்கள், தண்ணீர் இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சனம் அதிகம்.

சுண்டிக்குளத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம். அது 1938இலிருந்து பறவைகளுக்காக ஒதுக்கிய இடம், 2015இல் தேசியப் பூங்காவானது. பூநாரையும் கூழைக்கடாவும் பார்க்க அதற்கென்று ஒரு முழு நாள் வேண்டும்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள். கொண்டுபோன பொலித்தீனும் போத்தலும் பைக்குள் இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். யன்னலோரம் இடம் பிடியுங்கள். நெல்லியடி தாண்டினதும் வல்லைவெளி வரும், முனியப்பர் கோயிலடியில் பஸ் கொஞ்சம் மெதுவாகும், பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடல்நீரேரி. தை, மாசியில் என்றால் அந்த ஆழமில்லாத தண்ணீரில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களோடு நிற்கும், காற்று அடிக்கிற பக்கத்துக்கு எல்லாம் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.